கடைசிப் பக்கத்தில் செத்துப்போன அம்மா

ரீட்லி, கலிபோர்னியா
14 ஜனவரி 2019

லெட்டி,

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் குற்றவாளி நான்தான் என்று முடியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் நாவல் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு பிரதிகள். நான் கேட்டு வாங்கவில்லை. ஆசிரியர்கள் கேட்டார்கள். அட்டையில் முள்கம்பி, கள்ளிச்செடி, பின்னால் பெரிய சிவப்புச் சூரியன். நாற்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பீச் மரமும் திராட்சைக் கொடியும்தான் பார்த்திருக்கிறேன். கள்ளிச்செடி என்றால் பல் டாக்டர் வாசலில் தொட்டியில் ஒன்று இருக்கிறது.

கதையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் மெக்சிகோ எல்லை தாண்டிப் பாலைவனத்தில் நடக்கிறார்கள். மூன்றாம் நாள் அம்மா தண்ணீரில்லாமல் சாகிறாள். அம்மாவின் பெயர் கொன்சுவேலோ. நாவல்தானே, யார் வேண்டுமானாலும் சாகட்டும் என்று படித்துக்கொண்டு போனேன். 287ஆம் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு வந்தது. "இது கற்பனை அல்ல. கொன்சுவேலோ என் தாய். பதின்மூன்று வயதில் அவளை அந்த மணலில் விட்டுவிட்டு நடந்தேன். இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்."

லெட்டி, பதின்மூன்று வயதில் நீ என்னோடு ஒரே அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய். அறையில் இருந்த ஒரே முகக்கண்ணாடியையும் நீயே பிடித்து வைத்துக்கொள்வாய்.

நம் அம்மா கொன்சுவேலோ போன செவ்வாய்க்கிழமை பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆட்டத்தில் நூற்று நாற்பத்தொன்று எடுத்தாள். அவள் 1969இல் மெக்சிகோவின் குவாதலஹாராவிலிருந்து பஸ்ஸில் வந்தாள், கையில் குடியேற்றக் காகிதங்களோடு. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அவள் பயணத்தின் துயரம் அவ்வளவுதான். அதையும் இன்றுவரை சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

அவளுக்கு இன்னும் தெரியாது. ஆங்கிலம் அவளுக்குக் கடைத்தெருவுக்கு மட்டும்தான். நல்லதாகப் போயிற்று.

மே மாதம் மலிவுப் பதிப்பு வருவதாக உன் பதிப்பகத்தின் பட்டியலில் பார்த்தேன். அதில் அந்தக் குறிப்பு இருக்கக் கூடாது. இதை அக்காவாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வட்டாரப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து படிக்கும் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிற ஐந்து பேரில் நானும் ஒருத்தி. உன் நாவல் கடைசி மூன்றுக்குள் வந்துவிட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி ஓட்டு.

இர்மா


பிலடெல்பியா
25 ஜனவரி 2019

இர்மாவுக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்தேன். பிறகு அடித்தேன். அடித்த தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நூலகர் அம்மையாருக்கு உண்மை வேண்டுமா? உண்மையாக ஒரு புத்தகம் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'டயர் கடை முயல்கள்'. நம் வீடு, அப்பாவின் டயர் கடை, கடைக்குப் பின்னால் நான் வளர்த்த முயல்கள், வட்டாரக் கண்காட்சியில் அந்த வெள்ளை முயல் நடுவரைக் கடித்தது. யாரும் சாகவில்லை. யாரும் எதையும் தாண்டவில்லை. அப்பா டயர்க் கருமையை விரலில் தொட்டு எல்லோர் மூக்கிலும் வைக்கிறார், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு பதிப்பகம் திருப்பி அனுப்பியது. ஒருத்தி மிகவும் மரியாதையாக எழுதினாள், "இந்தப் பெண் ஏன் மெக்சிகோக்காரியாக இருக்க வேண்டும்? கதையில் அதற்கு ஒரு காரணமும் இல்லையே." நீயும் நானும் என்ன காரணத்துக்காகப் பிறந்தோம் என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். இன்னொருவருக்கு வீட்டில் ஒரு பாட்டியாவது வேண்டுமாம், சமையலறையில் நின்று மூலிகையும் ஞானமும் சொல்கிற மாதிரி. நம் பாட்டி சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுவாள் என்றேன். அது "போதுமான அளவுக்கு லத்தீனோத்தன்மையாக இல்லை", அதாவது ஸ்பானிஷ் பேசுகிற நம்மவர் மாதிரி இல்லை என்று பதில் வந்தது.

கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. எண்ணூறு பிரதி. என்னிடமே ஒன்றும் மிஞ்சவில்லை. போன வருடம் பழைய புத்தகம் விற்கிற ஒரு கடையிலிருந்து தபாலில் ஒன்று வரவழைத்தேன். பிரித்தால் முதல் பக்கத்தில் உன் பள்ளி முத்திரை. அதன் மேல் சிவப்பில், "நீக்கப்பட்டது". கீழே தேதியும் சுருக்கெழுத்தும். அந்த "இ" எழுத்தின் வால் யாருடையது என்று எனக்குத் தெரியும், அக்கா. என் வீட்டுப்பாடத்தில் நீ திருத்தம் போட்ட கை அது.

என் அப்பாவை, என் முயல்களை, உன்னையும் சேர்த்துத்தான், குப்பையில் போட்டவள் நீ. இப்போது உனக்கு உண்மை வேண்டுமா?

குறிப்பு இருக்கும்.

லெட்டிசியா


ரீட்லி
4 பிப்ரவரி 2019

லெட்டி,

அந்த முத்திரையை நான்தான் குத்தினேன். இரண்டு வருடம் முன்னால், ஜூன் மாதம்.

ஐந்து வருடம் யாரும் எடுக்காத புத்தகம் அலமாரியில் இருக்கக் கூடாது என்பது விதி. இடம் கிடையாது, புதியவை வந்துகொண்டே இருக்கும். அன்று நூற்றுப்பத்து புத்தகம் நீக்கினேன். உன்னுடையதை மட்டும் ஒதுக்கி வைத்தேனா என்று கேட்பாய். இல்லை. வைத்திருந்தால் அதுதான் தப்பு.

அந்தப் புத்தகம் எட்டு வருடத்தில் மூன்று முறை வெளியே போனது. முதல் முறை எடுத்தவள் நான். இரண்டாவது, முயல் வளர்க்கிற ஒரு பையன். மறுநாளே கொண்டுவந்து போட்டான். "மிஸ், முயலுக்கு என்ன தீனி போடணும்னு இதுல ஒரு எடத்துலகூட இல்ல." மூன்றாவது போனது திரும்பி வரும்போது புத்தகத்தின் முதுகுகூட மடங்கவில்லை.

அது நல்ல புத்தகம். உன்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதில் வருகிற அக்கா எதையும் மன்னிக்காதவளாக இருந்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தாய். அதனாலாக இருக்கலாம்.

பிள்ளைகள் கையில் அதை நான் திணித்திருக்க வேண்டும். செய்யவில்லை. தங்கச்சி புத்தகத்தைக் கூவி விற்கிறாள் என்று சொல்வார்கள் என்று பயந்தேன். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையை யாரும் படிக்கவில்லை என்பது பொய் சொல்வதற்கு உரிமம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீயே எப்படியும் கேள்விப்படுவாய். உன் பாலைவனக் கதைக்கு இங்கே முப்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள். புத்தகமே தொடாத பிள்ளைகள். "மிஸ், எப்ப வரும், எப்ப வரும்" என்று என்னைப் பிய்க்கிறார்கள். ஒரு பையன் சொன்னான், "மிஸ், இது எங்க சித்தப்பா கதை. அப்படியே இருக்கு." எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

அவனிடம் அது அவன் சித்தப்பா கதையாக இருக்கட்டும். உன் கதை என்று சொல்லாதே. குறிப்பை எடு.

இர்மா


பிலடெல்பியா
17 பிப்ரவரி 2019

அக்கா,

முப்பத்தொரு பேர்! இதை நீ எழுதும்போது உன் பல் எவ்வளவு இறுகியிருக்கும் என்று பார்க்க முடிகிறது.

அந்தக் குறிப்பு எப்படி வந்தது தெரியுமா? எடிட்டர் போன் செய்தாள். நல்ல பெண், உன்னைப் போல இல்லை. "கடைசி அத்தியாயம் படிச்சுட்டு அழுதுட்டேன் லெட்டிசியா. ஒண்ணு கேக்கலாமா? இது உங்க கதையா?" என்றாள். நான் பேசவில்லை. நான்கு விநாடி இருக்கும், ஐந்து இருக்கும். அவள், "மன்னிச்சுக்குங்க, கேட்டிருக்கக் கூடாது" என்றாள். குரல் உடைந்திருந்தது. இருபத்திரண்டு பேர் திருப்பி அனுப்பினார்களே, அவர்களில் ஒருத்தர் குரலாவது எனக்காக உடைந்ததா? அடுத்த வாரம் குறிப்பின் முதல் வடிவம் அவர்களிடமிருந்தே வந்தது. நான் இரண்டு வார்த்தை மாற்றினேன். அவ்வளவுதான் என் குற்றம்.

இப்போது எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பார்கள். காரணம் சொன்னால் புத்தகம் செத்தது. என்னுடையது மட்டுமா சாகும்? கடையில் போய் நூறு பிள்ளைப் புத்தகத்தை எடுத்துப் பார். நாய்க்குட்டி வருகிற புத்தகம் நம்மவர் வருவதைவிட அதிகம். அடுத்து எழுதிக்கொண்டு வருகிற பெண்ணிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். "போன தடவை ஒருத்தி ஏமாத்தினா" என்பார்கள். அந்தக் கதவை நீ சாத்தப் போகிறாயா?

உண்மை உண்மை என்கிறாய். உன் குழுவில் இருக்கிற மற்ற நான்கு பேருக்கு நீ என் அக்கா என்று தெரியுமா? புருஷன் பெயரைப் போட்டுக்கொண்டு "திருமதி தொஸ்தாதோ" என்று உட்கார்ந்திருக்கிறாயே, சொந்தக்காரர் புத்தகம் வந்தால் எழுந்து போக வேண்டும் என்று ஒரு விதி இருக்குமே? விதி என்றால் உனக்கு உயிராயிற்றே.

கடைசியாக ஒன்று. உன் பள்ளியிலிருந்தே எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. யாரெலி என்று ஒரு பெண், எட்டாம் வகுப்பு. நாலு பக்கம், பென்சிலில். "எங்க அம்மாவும் அங்கதான் போனாங்க. இத நான் யார்கிட்டயும் பேசறதில்ல. எல்லாரும் பாவம்னு பாக்கறாங்க. நீங்க மட்டும்தான் பாவம்னு சொல்ல மாட்டீங்க, ஏன்னா உங்களுக்கும் ஆயிருக்கு" என்று எழுதியிருக்கிறாள். நான் பதில் எழுதினேன். மூன்று கடிதம் ஆகிவிட்டது. தன் அம்மாவைப் பற்றி எழுதுகிறாள், அக்கா. நாலு வருடமாக வாய் திறக்காத பெண். உன் விதிப்புத்தகத்தில் அதற்கு என்ன பெயர்?

லெட்டி


ரீட்லி
23 பிப்ரவரி 2019

லெட்டிசியா,

யாரெலி பரகானை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். மதிய உணவு நேரத்தில் நூலகத்தில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். அவளுடைய அம்மா நம் ஊர்ப் பழக்கிடங்கில் பீச் பொறுக்கினவள். காகிதம் இல்லை என்று பிடித்து மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையிடம் திரும்பி வரப் பாலைவனத்தில் நடந்தாள். வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தன் அத்தை வீட்டில் இருக்கிறாள். என்றாவது கதவு தட்டப்படும் என்று இரண்டு வருடம் வாசலறையில்தான் தூங்கினாள் என்று அத்தை என்னிடம் சொன்னாள்.

அவளுக்கு நீ என்ன பதில் எழுதினாய்? "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றா? எந்த மணலில் இருந்தது? பௌலிங் கூடத்திலா?

நாவல் பொய் என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். குறிப்பு பொய் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இது அப்படி இல்லை. ஒரு குழந்தை தன் அம்மாவை உன் கையில் கொடுத்திருக்கிறாள், உன் கையிலும் ஒன்று இருக்கிறது என்று நம்பி.

குழு விஷயம். நேற்று தலைவரிடம் நீ என் தங்கை என்று சொல்லிவிட்டேன். ஓட்டுப் போட மாட்டேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னது சரி. குத்திக்காட்டி ஆயிற்று இல்லையா, இனி அந்தக் கத்தி உன்னிடம் இல்லை.

குறிப்பைப் பற்றி நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. முதலில் யாரெலியிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவளுக்கு இந்த நூலகமும் போய்விடும்.

இ.


பிலடெல்பியா
9 மார்ச் 2019

அக்கா,

பத்து நாள் எதுவும் எழுத முடியவில்லை.

உன் தலைமையாசிரியர் ஏப்ரல் 5ஆம் தேதி பிள்ளைகளோடு பேச என்னை அழைத்திருக்கிறார். உன்னிடம் சொல்லியிருப்பார். முதலில் மறுக்க நினைத்தேன். இப்போது வருகிறேன் என்று எழுதிவிட்டேன். கூட்டம் முடிந்து, கையெழுத்துப் போட்டு முடித்து, எல்லோரும் போனபிறகு யாரெலியைத் தனியாக உட்கார வைத்து நானே சொல்கிறேன். முன்னால் சொல்லச் சொல்லாதே. சொல்லிவிட்டு இருநூறு பிள்ளைகள் முன்னால் என்னால் நிற்க முடியாது.

கோழை என்று நினைத்துக்கொள். எப்படியும் நினைப்பாய்.

அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லாதே. தயவுசெய்து. அன்று மாலையே விமானம். அடுத்த முறை வந்து பார்க்கிறேன்.

லெட்டி


ரீட்லி
9 ஏப்ரல் 2019

லெட்டி,

நீ தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து பின்கதவு வழியாக வாடகைக் காருக்குப் போய்விட்டாய். ஆகவே நீ பார்க்காததை எழுதுகிறேன். உன்னைத் தேற்றுவதற்காக அல்ல.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக் கண்ணாடியில் உன் படத்தோடு பள்ளி சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை பார். இந்த ஊரில் நம் அம்மா வாரம் மூன்று நாள் ரொட்டி வாங்குகிறாள்.

இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி நிறைய, பௌலிங் அணியின் ஆரஞ்சுச் சட்டை, கூட இரண்டு தோழிகள். வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றாள். "நீங்க யாரு?" என்று எவனோ கேட்டிருக்கிறான். அவ்வளவுதான், ஸ்பானிஷில் ஆரம்பித்துவிட்டாள்.

"நானா? அங்க உக்காந்து எழுதறாளே, அவ என் மகடா. சின்னவ. என் வீட்டுக்கு வராம பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கா பாரு, திமிரு. சொல்லுங்கடா, நல்லா எழுதியிருக்காளா? எனக்கு இங்கிலீஷ் வராது. நான் கொன்சுவேலோ. கொன்சுவேலோ பால்டெராமா. ரொட்டி எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க."

யாரெலி அவளுக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றாள். திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உன்னை. பிறகு மறுபடி அம்மாவை. அம்மா பெட்டியை நீட்டினாள், "எடுத்துக்க கண்ணு, சர்க்கரை போட்டது." யாரெலி ஒன்று எடுத்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். மரியாதை தெரிந்த பெண். வரிசையை விட்டு வந்து, என் மேசை மேல் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போனாள். ரொட்டியைப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தாள். கடிக்கவில்லை.

அப்போதுதான் நீ நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது எழுத்தாளர் எழுந்து ஓடினதை நானும் முதல்முறையாகப் பார்த்தேன்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது காரில் கேட்டாள், "என்னைப் பாத்து ஏன்டி ஓடறா?" மறைக்க எனக்கு இஷ்டமில்லை. காரை நிறுத்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தையும் 287ஆம் பக்கத்தையும் ஸ்பானிஷில் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை நாள் தண்ணி இல்லாம கெடந்தேன்?"

"மூணு நாள்."

"நான் மூணு மணி நேரம் தாங்க மாட்டேனே. சக்கரை இருக்கே எனக்கு." பிறகு, "நல்லா எழுதியிருக்காளா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கா."

"பின்ன ஏன்டி என் பேர வெச்சா? ஊர்ல வேற பேரே இல்லையா?"

நான் காரைக் கிளப்பினேன். வீட்டுக்குள் போனதும் பௌலிங் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். இன்று செவ்வாய்க்கிழமை, ஆட்டத்துக்குப் போகவில்லை. யாரோ கேட்பார்களாம், செத்தவள் எப்படி வந்தாள் என்று.

யாரெலி நேற்று நூலகத்துக்கு வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னலோரம் போகவில்லை. என் மேசைக்கு எதிரில் நின்றாள்.

"மிஸ், அவங்க அம்மா நல்லவங்களா இருந்தாங்க."

"ஆமா."

"எழுதினது பொய்யின்னா, நான் அவங்களுக்கு எழுதினத எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"திருப்பி வாங்கித் தரேன்" என்றேன். தலையாட்டினாள். போகாமல் நின்றாள்.

"அப்போ அந்தப் பாலைவனத்துல செத்தது யாரு மிஸ்?"

யாருமில்லை, கற்பனை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் வந்தது. லெட்டி, அந்த அத்தியாயத்தில் சாகிற அம்மாவுக்கு நகம் உடைவது, உப்பு உதட்டில் படிவது, கடைசியில் காலணியைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைப்பது, இதெல்லாம் நீயாக யோசிக்கக்கூடியது இல்லை. உன்னை எனக்குத் தெரியும். நீ முயலை யோசிப்பவள். இதை எங்கிருந்து எடுத்தாய்?

அவள் கடிதங்களைத் திருப்பி அனுப்பு. கேள்விக்கும் பதில் அனுப்பு.

இர்மா


பிலடெல்பியா
21 ஏப்ரல் 2019

அக்கா,

யாரெலியின் கடிதங்கள் நான்கும் இதோடு இருக்கின்றன. நகல் எடுக்கவில்லை.

பதிப்பகத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். எடிட்டர் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தடவை மௌனம் அவள் முறை. மலிவுப் பதிப்பு கிடையாது. கடைகளில் இருப்பதைத் திரும்பப் பெறுகிறார்கள். உன் குழுவும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் என்னைக் கண்டால் லிப்டுக்குக் காத்திருப்பவர்கள் படியில் ஏறுகிறார்கள். நீ ஜெயித்தாய் என்று எழுத நினைத்தேன். எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்.

இருபத்திரண்டாவது மறுப்பு வந்த வாரம், அரிசோனாவில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். விடுதியில் கிடந்த உள்ளூர்ச் செய்தித்தாளில் ஆறாம் பக்கம், டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி. பாலைவனத்தில் ஒரு பெண்ணின் உடல், முப்பது வயது இருக்கலாம். உடைந்த நகம். காலணிகள் அருகில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பெயர் தெரியவில்லை. இவ்வளவுதான். கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பத்து வருடம் கழித்து அதிலிருந்து எழுதினேன். உப்பு மட்டும் நான் சேர்த்தது.

அவளுக்குப் பெயர் இல்லை, அக்கா. எழுத ஒரு பெயர் வேண்டும். மரியா, ரோசா என்று வைத்துப் பார்த்தேன், அட்டைப்படத்துப் பெண் மாதிரியே இருந்தாள். அம்மாவின் பெயரை வைத்ததும் நகர்ந்தாள், திட்டினாள், மகளிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தான் குடித்ததாகப் பொய் சொன்னாள். அம்மாவிடம் சொல், வேறு பெயர் இருந்தது, ஆனால் வேறு பெயருக்கு உயிர் வரவில்லை என்று. இது சாக்கு இல்லை. அவள் கேட்டாள், சொல்கிறேன். சாக்கு என்றால் அது, எடிட்டர் கேட்டபோது வாய் திறக்காமல் இருந்தேனே, அந்த ஐந்து விநாடிக்குத்தான் வேண்டும். அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தச் செய்தி 2007இல் வந்தது. யாரெலியின் அம்மா போனது அதற்கு எட்டு வருடம் பிறகு. அவளாக இருக்க முடியாது. இதை முதலில் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடு. ஒரு நிமிடம்கூட அவள் வேறு விதமாக நினைக்கக் கூடாது.

நான் வந்து நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பின்கதவு வழியாக அல்ல. அவள் அத்தை வீட்டு முகவரி கொடு. அல்லது நூலகத்திலேயே. தேதி நீ சொல்.

லெட்டி


ரீட்லி
2 மே 2019

லெட்டி,

முகவரி தர மாட்டேன். அவள் என் பள்ளிப் பிள்ளை.

கடிதங்களைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். நீ சொன்னதை, ஆண்டையும் சேர்த்து, அப்படியே சொன்னேன். அவளுடைய அம்மா இல்லை என்றதும், "தெரியும் மிஸ், எங்கம்மா காலணிய எங்க கழட்டினாலும் தூக்கித்தான் எறிவாங்க" என்றாள். அவள் அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அம்மா இன்னும் உன்னோடு பேச மாட்டாள். நீ கூப்பிடாதே. நானும் உன்னை மன்னித்துவிடவில்லை. இந்தக் கடிதத்தை மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நீ நேரில் வருவதைப் பற்றி யாரெலியிடம் கேட்டேன். உன்னைப் பார்க்க வேண்டாமாம். அந்த நான்கு வரிச் செய்தி உன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். தேதியும் ஊர் பெயரும் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு யாராவது இருக்கிறார்களா என்று எழுதிக் கேட்க வேண்டுமாம். தன் அம்மாவைத் தேடி அத்தையோடு உட்கார்ந்து இப்படி எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாள், யாருக்கு எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது.

தாளை மடிக்காமல் அனுப்பு.

இர்மா